நடு இறங்காத படப்பு

பேச்சிப்பாறையில் வைக்கோலைச் சேர்ப்பதைவிடக் காப்பதுதான் பெரும்பாடு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் வந்து நனைக்கும் மலையடிவாரம் இது. ஆனி ஆடிச் சாரல் ஓய்ந்து தரை காய்வதற்குள் ஐப்பசி இடிமழை தொடங்கிவிடும். ரப்பர் தோட்டத்துக்குள் வெயில் முழுதாக இறங்குவதில்லை. முற்றத்து மண் பாதி நாள் ஈரமாகவே கிடக்கும். இந்த ஊரில் பசு வளர்ப்பவர் மாசியில் கொண்டுவந்த வைக்கோலை அடுத்த மாசிவரை பூசணம் தொடாமல் வைத்திருந்தாக வேண்டும். நான் செய்துவரும் வேலை அதுதான். என் தொழுவத்துக்கும் படப்பு, அதாவது வைக்கோல்போர், போடுகிறேன். கூப்பிடுகிற வீடுகளுக்கும் போய்ப் போட்டுக்கொடுக்கிறேன்.

எங்களுக்கு வேண்டிய வைக்கோல் இங்கே விளைவதில்லை. அணைக்கு மேலே காடும் காணிக்காரர் குடியிருப்புகளும். கீழே ரப்பர், வாழை, அன்னாசி. நெல்லைப் பார்க்க வேண்டுமானால் பூதப்பாண்டி, தோவாளை, தேரூர், சுசீந்திரம் வயல்பற்றுகளுக்கு இறங்கிப் போக வேண்டும். கோதையாற்றை மறித்து 1897-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த அணை எங்களுடையது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் ஆண்ட காலம் அது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே தேங்கும் தண்ணீர், பெருஞ்சாணி அணைத் தண்ணீரோடு சேர்ந்து புத்தன் அணையில் பிரிந்து, கால்வாய் கால்வாயாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் போகிறது. அங்கே நெல்லாகிறது. நெல் போனபின் நிற்கும் தாள் லாரியேறி, தக்கலை, குலசேகரம் வழியாக மலைக்கு வருகிறது. ஆகவே பேச்சிப்பாறை அணையின் 48 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று நாளிதழில் போடுகிற கணக்கு, வயல்காரருக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு எனக்கும் முக்கியம். ஜூன் தொடக்கத்தில் அணை திறந்தால் அறுப்பு நேரத்துக்கு வரும். திறப்பு தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போய் மழைக்குள் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய வைக்கோலை எந்தக் கைத்திறனும் திருப்பி நல்லதாக்க முடியாது.

நாஞ்சில் நாட்டில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். புரட்டாசி வாக்கில் அறுப்பது கன்னிப்பூ, மாசியில் அறுப்பது கும்பப்பூ. மாட்டுக்காரருக்கு இவை இரண்டும் வெவ்வேறு சரக்கு. கன்னிப்பூ அறுக்கும்போது வயலில் ஈரம் இருக்கும்; மாலையில் இடி குமுறும்; தாள் காய்வதற்கு ஒரு முழு வெயில் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்த வைக்கோல் பழுப்பேறி, சில இடத்தில் கறுத்து வரும். முதலில் தின்னக் கொடுத்துத் தீர்க்க வேண்டியது அதுதான். கும்பப்பூ வைக்கோல் மாசி வெயிலில் காய்ந்தது. பொன் நிறத்தில், உள்ளே லேசான பச்சை ஓட, கையில் எடுத்தால் சலசலக்கும். வருடம் முழுவதும் நிற்கப்போகும் படப்புக்கு நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன். விலை கூடுதலாக இருந்தாலும் வாங்குவேன். கெட்ட வைக்கோலில் நல்ல படப்பு போட முடியாது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து வைக்கோல் லாரியோடு மேலே வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பாட்டா என்றே கூப்பிட்டோம். லாரி வந்து நின்றதும் கட்டை அவிழ்க்க விடமாட்டார். கட்டின் நடுவில் முழங்கை முட்டக் கையை விட்டு ஒரு பிடி உருவி, இரண்டு கையாலும் முறுக்குவார். முறுக்கும்போதே தாள் முறிந்து ஓசை வந்தால் காய்ச்சல் போதும். பிரியாக, அதாவது வைக்கோல் கயிறாக, திரிந்துகொண்டால் ஈரம் இருக்கிறது. அதற்கப்புறம் கணுவைத் தேடி நகத்தால் அழுத்திப் பார்ப்பார். தாள் முழுவதும் காய்ந்த பிறகும் கணுவில் ஈரம் தங்கும். "தாளு பொய் சொல்லும் மக்கா, கணு சொல்லாது" என்பார். கடைசியாக மூக்கு. நன்றாகக் காய்ந்த வைக்கோலுக்கு வெயில் பட்ட மண்ணின் வாசம் இருக்கும். புளித்த வாசமோ புகையிலை வாசமோ வந்தால் அந்தக் கட்டைத் தனியாக எடுத்து வெயிலில் விரித்துவிட வேண்டும், படப்புக்குள் விடக்கூடாது.

ஏன் இத்தனை சோதனை என்பதற்குக் காரணம் உண்டு. வைக்கோலில் ஈரம் 100-க்கு 15 பங்குக்குள் இருந்தால் அது தூங்கும். 20-ஐத் தாண்டினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு தின்னத் தொடங்கும்; தின்னும்போது சூடு பிறக்கும். வெளியே பரப்பிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். படப்பின் நடுவில் அதற்குப் போக்கிடம் இல்லை. சூடு 70 டிகிரியை நெருங்கும்போது நுண்ணுயிர்கள் பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் அதோடு நிற்காது. வைக்கோலுக்குள்ளேயே வேதிமாற்றம் நடந்து சூடு தன்னால் ஏறிக்கொண்டே போகும். சில வாரம் கழித்து யாரும் தீ வைக்காமலே படப்பு பற்றிக்கொள்வது இப்படித்தான். பீடித்துண்டைப் போட்டவன் யார் என்று ஊர் தேடிக்கொண்டிருக்கும். தீ வைத்தது ஈரம்.

புதுப் படப்பு போட்ட முதல் மூன்று வாரம் நான் ஒரு கடப்பாரையை அதன் நடுவில் செருகி வைப்பேன். அரைமணி நேரம் கழித்து உருவி, உள்ளே இருந்த நுனியை உள்ளங்கையால் பிடித்துப் பார்ப்பேன். இளஞ்சூடு இருந்தால் பயமில்லை. படப்பு வேர்த்து ஆறுகிறது. பிடிக்க முடியாத சூடு இருந்தால் விஷயம் பெரிது. அந்த நிலையில் படப்பின் மேல் ஏறக்கூடாது. உள்ளே வெந்து குழிந்திருந்தால் ஆளை விழுங்கிவிடும். ஆத்திரத்தில் பிரித்துப்போடவும் கூடாது; காற்று புகுந்ததும் குப்பென்று பிடிக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும்.

இனி படப்பு போடுகிற முறை. இடம்தான் முதல். சுற்றிலும் தண்ணீர் வடியும் மேட்டு நிலம் வேண்டும். எங்கள் பக்கம் எல்லோரும் மரத்தடியைத் தேடுவார்கள். ஆனால் மழை நின்று ஒருமணி நேரம் ஆன பிறகும் ரப்பர் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு ஒரே இடத்தில் விழுந்து விழுந்து குழி பறித்துவிடும். மரத்தைவிட்டு விலகி, வெயில் அடிக்கும் இடமாக, அடுப்படிக்கும் மின்கம்பிக்கும் எட்டாத இடமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து அடி. வைக்கோல் மண்ணைத் தொடக்கூடாது. கல் அடுக்கி, அதன்மேல் பனந்தடியையோ தென்னந்தடியையோ குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, மேலே தென்னை மட்டைகளைப் பரப்ப வேண்டும். கையருகில் கிடக்கிறதே என்று ரப்பர் தடியைப் போடுவார்கள். அது ஒரு மழைக்காலத்திலேயே இற்றுவிடும். அடி ஒரு பக்கம் அமுங்கினால் படப்பு சாய்ந்துவிடும். அடியில் ஓரடி உயரமாவது காற்று ஓட இடம் இருந்தால் ஈரமும் ஏறாது, கறையான் வரும் வழியும் கண்ணுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு கால் நட வேண்டும். முற்றிய கமுகந்தடி நன்றாக நிற்கும். வட்டப் படப்புக்கு அந்தக் கால்தான் முதுகெலும்பு. கீழ்நாட்டில் நீளப் படப்புதான் அதிகம், அதற்குக் கால் வேண்டாம். எங்களுக்குச் சரிவு நிலம், குறைந்த இடம், பலத்த மழை. வட்டப் படப்புதான் தோது.

கீழே நின்று கவைக்கம்பால் கொடுக்கிறவர் ஒருவர், மேலே நின்று வாங்கி வைக்கிறவர் ஒருவர். மேலே நிற்பவர்தான் படப்பைக் கட்டுகிறார். முதலில் காலைச் சுற்றி நடுவை நிரப்பி மிதிக்க வேண்டும். பிறகு அந்த மேட்டின்மேல் உள்முனை ஏறி, வெளிமுனை தாழ்ந்து தொங்கும்படி, கைப்பிடி கைப்பிடியாகச் சுற்றி வைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி நடு. நடுவில் வைக்கும் வைக்கோல் முந்தைய சுற்றின் உள்முனையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எந்த நேரத்தில் நின்று பார்த்தாலும் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். இந்த வேலையின் உயிர் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. மற்றதெல்லாம் இதற்குத் துணை.

இதில் மனம் மயங்கும் இடம் ஒன்று உண்டு. கீழே நிற்கிறவர்கள் கண்ணுக்கு ஓரம்தான் தெரியும். ஓரம் உருண்டையாக, சீராக வருகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். மேலே நிற்பவருக்கும் ஓரத்திலேயே கால் போகும். அங்கே மிதித்து மிதித்து அழகு பார்ப்பார். நடு பஞ்சாகக் கிடக்கும். இரண்டு வாரத்தில் படப்பு இறங்கும்போது மிதிபட்ட ஓரம் நிற்கும், மிதிபடாத நடு தாழ்ந்துவிடும். வெளிமுனை தாழ்ந்திருந்த தாளெல்லாம் இப்போது உள்முனை தாழ்ந்து கிடக்கும். அதன்பிறகு விழுகிற ஒவ்வொரு துளி மழையும் தாள் வழியாகவே நெஞ்சுக்குள் இறங்கும். "லேய் மக்கா, நடுவ மிதி. ஓரம் தன்னால நிக்கும்" என்று பாட்டா கீழே நின்று சத்தம் போடுவார். "செரி பாட்டா" என்று சொல்லிக்கொண்டே மிதிப்போம். வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில்தான் பாதி உழைப்பைக் கொட்ட வேண்டும் என்பதை அந்தச் சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

அடியிலிருந்து மேலே போகப்போக வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்ட வேண்டும். தோள் உயரத்துக்கு மேல் போனபின் மறுபடி குறுக்க வேண்டும். அப்போதுதான் தோளிலிருந்து சொட்டும் தண்ணீர் அடியைத் தொடாமல் தரையில் விழும். உச்சிக்கு வந்ததும், இருப்பதிலேயே நீளமான தாளாகப் பொறுக்கி, மேலிருந்து கீழாகக் கையாலேயே வாரிவிட வேண்டும். வாரிய தாள் ஓலைக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரைக் கீழே தள்ளிவிடும். நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி. மாட்டுக்குச் செரிக்கக் கஷ்டமான அதே சிலிக்காதான் தாளை எளிதில் நனைய விடாமலும் காக்கிறது.

உச்சியில் பலர் விட்டுவிடும் இடம் நடுக்கால். மழைத்தண்ணீர் காலைப் பிடித்துக்கொண்டே நேராக உள்ளே இறங்கும். படப்பைப் பிரிக்கும்போது காலைச் சுற்றி மட்டும் கறுப்பாக ஒரு குழாய் தெரிந்தால் அது இப்படி வந்ததுதான். காலைச் சுற்றி இறுக்கமாகப் பிரி முறுக்கிக் கட்டி, முனையில் பழைய பானையையோ வாளியையோ கவிழ்த்துவிட்டால் போதும். பிரி முறுக்குவதில் பெண்கள்தான் கெட்டிக்காரர்கள். "அக்கா, இன்னும் நாலு பாகம் வேணும்" என்று மேலேயிருந்து கேட்டால், பேசிக்கொண்டே முறுக்கி எறிவார்கள். அவர்கள் முறுக்கிய பிரி ஒரு வருடத்துக்கு அவிழாது.

கடைசியில் கயிறு. படப்பின் மேல் நாலு பக்கமும் கயிற்றைத் தொங்கவிட்டு, நுனியில் கல்லைக் கட்ட வேண்டும். கயிற்றைத் தரையில் முளையடித்துக் கட்டினால் படப்பு இறங்கும்போது தளர்ந்துவிடும். கல் தொங்கினால் படப்பு இறங்க இறங்கக் கயிறும் கூடவே இறுகும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. அந்தக் காற்றைக் கண்டபிறகு கல்லின் எடையில் நான் கஞ்சம் பிடிப்பதில்லை.

போட்டு முடித்த அன்று வேலை முடிவதில்லை. இரண்டு வாரத்தில் படப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கும். அப்போது ஏணி வைத்து ஏறி, உச்சியில் புது வைக்கோல் வைத்து, மறுபடி வாரி, பிரியை இறுக்கிவிட வேண்டும். ஐப்பசியைத் தாண்டும் படப்புக்கும் தாண்டாத படப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒரு காலைநேர வேலைதான்.

உடம்புக்கு இது கடுமையான வேலை. வைக்கோல் சுணை கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஏறிவிட்டால் இரவு தூக்கம் வராது. கையிலும் கழுத்திலும் தேங்காயெண்ணெய் தடவி, முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் ஏறுவோம். சுணையைவிடப் பெரிய கேடு தூசி. பூசணம் பிடித்த வைக்கோலை உதறும்போது வெள்ளையாக எழும்புவது வெறும் தூசி அல்ல, பூசண வித்து. அதைத் தொடர்ந்து சுவாசிக்கிறவர்களுக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்து நுரையீரலே கெட்டுப்போகும். 1932-ல் இங்கிலாந்தில் கேம்பல் என்ற மருத்துவர், மழையில் கெட்ட புல்லைக் கையாண்ட பண்ணையாட்களிடம் இதைக் கண்டு எழுதினார். அதை இன்று விவசாயி நுரையீரல் நோய் என்கிறார்கள். என்னோடு வேலைக்கு வருகிறவர்களிடம் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டச் சொல்லிக் கண்டிப்பாக நிற்கிறேன். கெட்ட கட்டை மூடிய தொழுவத்துக்குள் உதற விடமாட்டேன்.

இப்போது வருகிற வைக்கோல் முன்னே மாதிரி இல்லை. முன்பு நாஞ்சில் நாட்டில் கட்டிச்சம்பா மாதிரி உயரமான நெல் நின்றது. கையால் அறுத்து, களத்தில் அடித்து, சூடடிப்பு முடிந்து வரும் வைக்கோல் நீளமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குட்டை நெல் வந்தபிறகு தாள் குறுகிவிட்டது. 1986-ல் வெளியிட்ட அம்பை 16 இங்கே பரவலாக நின்ற ரகம். நல்ல மகசூல், ஆனால் தாள் நீளம் குறைவு. அதற்கப்புறம் அறுவடை இயந்திரம். அது கதிரோடு தாளையும் உள்ளே இழுத்து நசுக்கி வெளியே தள்ளுகிறது. நசுங்கிய தாளுக்கு முதுகு கிடையாது, கைப்பிடியில் நிற்காது. பெல்ட் பூட்டிய அந்த இயந்திரம் ஓடிய சேற்று வயலில் அதன்மேல் மண்ணும் அப்பிக்கொள்ளும். சேறு காய்ந்த வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டு விலகிவிடும்.

இந்தக் குறுந்தாளை அள்ளிச் சேர்க்க வந்ததுதான் வைக்கோல் கட்டும் இயந்திரம், எங்கள் பேச்சில் பேலர். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் ஓடும். முன்பல் தாளை வாரி உள்ளே தள்ள, அறைக்குள் உருளைகள் அதைச் சுருட்டி இறுக்கும். அறை நிறைந்ததும் கயிறு சுற்றி ரோலாக வெளியே விடும். ஈரத்தையும் இறுக்கத்தையும் பொறுத்து ஒரு ரோல் 15 முதல் 25 கிலோ வரை வரும். பஞ்சாபில் நெல்லுக்கும் கோதுமைக்கும் நடுவே நாள் போதாமல் வயலிலேயே தாளைக் கொளுத்துகிறார்கள். இந்த இயந்திரம் வந்ததால் எங்கள் பக்கத்துத் தாள் மாட்டின் வாய்க்கு வந்து சேருகிறது. ஒரு ஏக்கர் வைக்கோலைத் தலையில் சுமந்த கழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாரத்தை இயந்திரம் இறக்கிவைத்ததற்கு மனதார நன்றி சொல்கிறேன்.

ஆனால் பாரத்தை இறக்கிய இயந்திரம் கவனத்தை இறக்கவில்லை. அதை வயலுக்கு மாற்றிவிட்டது. முன்பு ஈரம் இருந்தால் களத்தில் ஒரு வாய்ப்பு, படப்படியில் இன்னொரு வாய்ப்பு என்று இரண்டு மூன்று இடத்தில் திருத்திக்கொள்ளலாம். ரோல் ஒருமுறை இறுகிவிட்டால் அதன் நடுவுக்கு வெயிலும் போகாது, காற்றும் போகாது. மாசியில் பனி உண்டு. காலை 10 மணிக்கு முன் பேலரை இறக்கினால் பனியையும் சேர்த்துத்தான் சுருட்டுவோம். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது, வண்டி அடுத்த வயலுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் நின்று, வரிசையைக் கம்பால் ஒருமுறை புரட்டிப்போட்டு, கணுவை நகத்தால் பார்த்து, "இன்னும் ஒருமணி நேரம் காயட்டும் அண்ணே" என்று சொல்கிற துணிச்சல் வேண்டும். இன்னொரு கண்டிப்பும் உண்டு. முன்பல்லில் தாள் அடைத்தால் டிராக்டரை அணைத்து, தண்டு நின்றது தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஓடும்போது காலால் தள்ளினாலும் ஆளை இழுத்துவிடும்.

ரோல் தானே, எங்கே அடுக்கினாலும் நிற்கும் என்று நினைக்கிறார்கள். ரோலுக்கும் படப்பின் சட்டம்தான். அடியில் அதே கல்லும் தடியும். படுக்க வைத்து வரிசையிட்டு, இரண்டுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மேல்வரிசையை ஏற்றி, கூம்பாக முடிக்க வேண்டும். கூரை இருந்தால் நல்லது. தார்ப்பாய் என்றால் உச்சியில் ஒரு மூங்கிலை நீளவாட்டில் வைத்து, அதன்மேல் பாயைப் போட்டு, இரண்டு பக்கமும் சரிவாக இழுத்துக் கட்ட வேண்டும். பாயைத் தரைவரை இறக்கி மூடினால் பகல் வெயிலில் உள்ளே வேர்த்து, அந்த வேர்வையே மேல்வரிசையை அழுக வைத்துவிடும். இரு முனைகளையும் திறந்துவிட்டால் காற்று ஓடும். தீனி போடும்போது ரோலில் சுற்றிய கயிற்றை அறுத்து எடுத்து, எண்ணி, ஆணியில் மாட்டிவிட வேண்டும். வைக்கோலோடு பிளாஸ்டிக் கயிறு உள்ளே போனால் பசுவின் பெருவயிற்றில் பந்தாகச் சுருண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

பசுந்தீவனத்தோடு ஒரு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்று வைத்தாலும் ஒரு பசுவுக்கு வருடத்துக்கு 1,800 கிலோவுக்கு மேல் வேண்டும். 20 கிலோ ரோலில் 90-க்கு மேல். அதில் பத்தில் ஒன்று பூசணமானால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தீனி மண்ணோடு போகிறது. நெல் வைக்கோலில் புரதம் 100-க்கு 3, 4 பங்குதான். கெட்டுப்போனால் அதுவும் இல்லை. சத்தைக் கூட்ட ஒரு நல்ல வழி இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் தாள் இளகி, மாடு விரும்பித் தின்னும். திறந்தபின் நெடி போகும்வரை ஆறவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. இந்த வேலையிலும் மிதிதான் முக்கியம். காற்று தங்கிய இடத்தில் பூசணம் பிடிக்கும்.

ரோல் வந்தபிறகும் நான் வருடத்துக்கு ஒரு கைப்படப்பாவது போட்டுவிடுவேன். பேலர் திரும்ப முடியாத சிறு வயல்கள் இன்னும் உண்டு. காற்றில் சாய்ந்த நெல்லைக் கையால் அறுக்கிற வயல்களும் உண்டு. அந்த நீளத்தாளைச் சேர்க்கவும் ஆள் வேண்டும். ரோல் அடுக்குவோருக்கு உச்சி வாரவும் பிரி முறுக்கவும் தெரிந்த கையும் வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்கள் வீட்டுமனையாகவும் வாழைத்தோட்டமாகவும் தென்னந்தோப்பாகவும் மாறி, பற்றுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. வைக்கோல் குறையக் குறைய அதன் ஒவ்வொரு கட்டுக்கும் மதிப்பு கூடுகிறது. கிடைப்பதைக் கெடாமல் வைத்திருக்கத் தெரிந்தவர்கள்தான் நாளைக்கும் மாடு வளர்க்க முடியும்.

படிக்க விரும்பி யார் வந்தாலும் சொல்லித்தருகிறேன். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதாது. மாசியில் படப்பு போடும்போது மேலே ஏறி நடுவை மிதிக்க வர வேண்டும். இரண்டு வாரம் கழித்து உச்சியைத் திருத்தும்போது ஏணியைப் பிடிக்க வர வேண்டும். ஐப்பசி மழை நடுவில், சுற்றிலும் சமமாக உருவித் தீனி போடும் நாளில் வந்து, படப்பின் நெஞ்சிலிருந்து ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்க்க வேண்டும். மாசியில் மிதித்த மிதிக்குப் பதில் அந்தப் பிடியில் இருக்கும். அது முறிந்து ஓசை கொடுத்தால் அடுத்த படப்பை நீங்களே தனியாகப் போடலாம்.